வெறும் பாத்தி

கடல் ஒதுக்கிய பாசியை அள்ளி
உருளைக்கிழங்குக்குப் போட்டால்
கருகல் நோய் அண்டாது என்பார்கள்
சிலோயே தீவில்.
போட்டார்கள். அண்டவில்லை.
அப்புறமென்ன, என்றாள் நிலத்துக்காரி
ஓதிலியா வென்தேயோ.

காக்கை கிடையாது அந்தத் தீவில்,
பனையும் கிடையாது.
பழம் மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது.

நெலிதா பாரியா மறுத்துப் பேசவில்லை.
பாசி போடாத வருஷம் எப்படி இருந்தது, என்று கேட்டாள்.
போடாத வருஷமே இல்லையே.

அந்த ஒரு வரிதான்
அவள் நோட்டின் முதல் வரி.
அதற்குக் கீழே:
எது நடந்தால் நான் நினைத்தது தப்பு?
அதற்குக் கீழே நெடுநேரம் ஒன்றுமில்லை.
மழை பெய்தது. அங்கே எப்போதும் பெய்யும்.

இருபத்துநான்கு பாத்தி.
ஒரே விதை, உள்ளேயும் ஊதாவான கிழங்கு,
ஒரே ஆழம், ஒரே நாள்.
எதற்குப் பாசி, எதற்கு இல்லை என்பதைக்
கம்பளித் தொப்பியில் குலுக்கிய அவரை விதைகள் சொல்லும்.
கறுப்பு வந்தால் உண்டு,
வெள்ளை வந்தால் இல்லை.

நீயே நல்ல இடமாய்ப் பார்த்துப் போடக் கூடாதா?
அதனால்தான் கூடாது, என்றாள் நெலிதா.
கைக்கு ஆசை உண்டு.
சரிவின் மேட்டுப் பக்கம், நீர் தேங்காத மண்ணுக்கு
அது தானாக நீளும்.

டிசம்பர், அங்கே கோடை.
இலைகள் முழங்காலைத் தொட்டன.
வெறும் பாத்திகள் பன்னிரண்டையும்
பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடாத
பிள்ளைகளைப் பார்ப்பதுபோல்
பார்த்துவிட்டுப் போவாள் ஓதிலியா.

பிப்ரவரியில் எண்ணினாள் நெலிதா.
நூறு இலைக்குக் கருகியது எத்தனை?
பாசி போட்டதில் ஒன்பது.
போடாததில் பத்து.
வித்தியாசமில்லை என்பதும் விடைதான்
என்று எழுதிய மை காயுமுன்
சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றாள் ஓதிலியா.

ராத்திரியில் போட்டேன்.
வாளி வாளியாக.
எல்லாத்துக்கும் இல்லை, ரொம்ப வாடினதுக்கு மட்டும்.
எத்தனை பாத்தி?
அஞ்சோ, ஆறோ.
எது எது?
இருட்டில் யார் எண்ணினார்கள்!

நெலிதாவின் கோபம்
அடுப்பிலிருந்த தண்ணீர் கொதித்து வற்றும்வரை இருந்தது.
ஒரு பருவம் முழுக்க.
படகுக்கூலி, வேலிக்கம்பி, முட்டி வலி.

அன்று சாயங்காலமே
சும்மா ஒரு பாத்தியில் குனிந்தாள்.
பெயர்க்குச்சி மழையில் வெளுத்திருந்தது,
எதுவென்று தெரியவில்லை.
காலையில் பார்த்த அதே நூறு இலை.
பதினான்கு கருகியிருந்தன.
ஓரத்திலிருந்து விரல்விட்டு எண்ணி
அது ஏழாவது என்று கண்டாள்.
நோட்டைப் புரட்டினாள்.
ஏழு, கறுப்பு அவரை,
அவளுடைய நேரான கையெழுத்தில்: எட்டு.

அவளும் போட்டிருக்கிறாள்.
வாளி இல்லாமல்,
பட்டப்பகலில்,
பென்சிலால்.

ஓரவஞ்சனை என்று ஒரு சொல் இருக்கிறது.
வஞ்சனை இல்லாமலும் ஓரம் சாயும் தராசுக்கு
என்ன சொல் வைப்பது?

பக்கத்தைக் கிழிக்கவில்லை அவள்.
எட்டின் மேல் ஒரு கோடு, எட்டு தெரியும்படி.
பக்கத்தில் பதினான்கு.
அடியில்: ராத்திரி வாளி, ஐந்தோ ஆறோ.
மேலே எழுதிய விடையை அடைப்புக்குறிக்குள் போட்டு
ஒரு கேள்விக்குறி.

அடுத்த செப்டம்பர்.
குச்சிகளில் எண் மட்டும்.
எந்த எண்ணுக்கு எந்த விதை என்ற பட்டியல்
மாவு டப்பாவில் அடைத்து
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் எலியேசரிடம்.
பாசியைப் போட்டு மண் மூடுவது
மறுகரையிலிருந்து வரும் கூலியாட்கள்.
இலை எண்ணுவது ஓதிலியா ஒரு தடவை,
நெலிதா ஒரு தடவை,
ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்காமல்.

குலுக்கி எடுக்கும்போது இருவரும் கண்ணை மூடிக்கொண்டு
டப்பாவில் போட எலியேசரிடம் நீட்ட வேண்டும்.
தொப்பிக்குள் கைவிட்ட ஓதிலியா கேட்டாள்:
கறுப்பே வரட்டும் என்று வேண்டிக்கொள்ளலாமா?

தாராளமாக.
அவரைக்குக் காது கிடையாது.